சொல் வந்த வழி – 9: நாணில் பிறந்த சைன்

எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன். பள்ளியில் முக்கோணவியல் படித்த எவருக்கும் இது நினைவிருக்கும். பொறியியல் பக்கம் போனவர்களுக்கு அது ஓர் அலையின் வடிவம். நம் வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் ஏறி இறங்குவதும் அந்த வடிவில்தான். இவ்வளவு புழங்குகிற சொல்லுக்கு ஆங்கிலத்தில் வேர் கிடையாது. லத்தீனில் 'சினுஸ்' என்று இருக்கிறது. அகராதியைப் புரட்டினால் ஆடையின் மடிப்பு, மார்பு, குடைவு, விரிகுடா என்று பொருள் சொல்கிறது. முக்கோணத்துக்கும் விரிகுடாவுக்கும் என்ன தொடர்பு?

சென்ற பகுதியில் அல்குவாரிஸ்மி என்ற மனிதரின் பெயரே அல்காரிதம் ஆன வரலாற்றைப் பார்த்தோம். அவர் இந்தப் பகுதியிலும் நடுவில் ஒருமுறை தலைகாட்டுவார். ஆனால் இந்த வரலாறு அவருக்கு ஏழு நூற்றாண்டு முன்பே, எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் தொடங்குகிறது.

வானத்தைப் பார்ப்பவன் கையில் இருப்பது கோணம் மட்டுமே. இரண்டு விண்மீன்களுக்கு இடையே எத்தனை பாகை என்று கருவி வைத்து அளந்துவிடலாம். நீளத்தை அளக்க வழியில்லை. எனவே கோணத்தைக் கொடுத்தால் நீளத்தைச் சொல்லும் அட்டவணை ஒன்று வேண்டும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலர் ஹிப்பார்க்கஸ் அப்படி ஒன்றைச் செய்தார். அது நம் கைக்கு வந்து சேரவில்லை. முழுதாகக் கிடைப்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தாலமி தன் அல்மகெஸ்ட் நூலில் வைத்த அட்டவணை. ஒரு வட்டம், அதன் ஆரம் 60 பங்கு. அரைப் பாகையில் தொடங்கி, அரை அரைப் பாகையாக 180 வரை ஏறும் 360 வரிகள். ஒவ்வொரு கோணத்துக்கும் எதிரே, வட்டத்தை இரு புள்ளிகளில் தொடும் நேர்கோட்டின் நீளம். 60 பாகைக்கு நேரே 60 பங்கு என்று இருக்கும்; இரண்டு ஆரங்களும் அந்தக் கோடும் சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகிவிடுவதால் அது சரி. தாலமி அந்தக் கோட்டுக்குத் தனிப் பெயர் சூட்டவில்லை. 'வட்டத்துக்குள் இருக்கும் நேர்கோடுகள்' என்றே எழுதினார்.

நம் பாடப்புத்தகங்கள் அதை 'நாண்' என்கின்றன. அந்தக் கோடு வெட்டியெடுக்கும் பரிதித் துண்டை 'வில்' என்கின்றன. இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வளைந்த மரம் பரிதி; இழுத்துக் கட்டிய கயிறு நாண்; நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவுக்குப் போகும் கோடு அம்பு. வடமொழிக் கணித நூல்களிலும் இதே படம்தான்: வில் என்ற பொருளில் 'சாபம்', நாண் என்ற பொருளில் 'ஜ்யா', அம்பு என்ற பொருளில் 'சரம்'. ஜ்யாவுக்கு 'ஜீவா' என்று இன்னொரு வடிவமும் உண்டு; அதற்கும் வில்லின் நாண் என்றே பொருள். செய்யுளில் எழுதியவர்கள் யாப்புக்கு எது பொருந்தியதோ அதை எடுத்துக்கொண்டார்கள். மொழியியலர்கள் இந்த ஜ்யாவுக்கு உறவாகக் கிரேக்கத்தில் 'பியோஸ்' என்ற சொல்லைக் காட்டுகிறார்கள். அங்கே அதற்கு வில் என்று பொருள். வில்லைக் குறிக்கும் சொல் கிரேக்கரிடமும் இருந்தது. அதை வட்டத்தின் மேல் வைத்துப் பார்த்து ஒரு கணிதமொழியையே ஆக்கியவர்கள் இந்தியர்கள்.

பெயர் வைத்ததைவிடப் பெரிய வேலை ஒன்றையும் அவர்கள் செய்தார்கள். நாணைப் பாதியாக வெட்டினார்கள்.

தாலமியின் அட்டவணையைப் பயன்படுத்துகிறவர் ஒரு செங்கோண முக்கோணத்தின் பக்கத்தைக் காண வேண்டுமென்றால், முதலில் கோணத்தை இரட்டிக்க வேண்டும், அதற்குரிய நாணைத் தேட வேண்டும், கிடைத்ததைப் பாதியாக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்த இரட்டிப்பும் பாதியாக்கமும் வரும். கோள்களின் கணக்கில் ஒரே நாளில் இதைப் பலமுறை செய்ய நேரும். பாதி நாணையே நேரடியாக அட்டவணையில் போட்டுவிட்டால் இந்தச் சுற்று மிச்சம். சித்தாந்தம் எனப்படும் இந்திய வானியல் நூல்கள் செய்தது அதுதான். பாதி நாணுக்கு 'அர்தஜ்யா' அல்லது 'ஜ்யார்தம்' என்று பெயர். நாம் இன்று சைன் என்று சொல்வது இந்தப் பாதி நாணைத்தான்.

499ஆம் ஆண்டைத் தன் 23ஆம் வயதாகக் குறிப்பிடும் ஆரியபடர், இந்த அட்டவணை முழுவதையும் ஒரே செய்யுளில் அடைத்தார். எழுத்துகளுக்கு எண்மதிப்புக் கொடுக்கும் முறை ஒன்றை அவரே வகுத்திருந்ததால் அது முடிந்தது. அவர் தருவது பாதி நாண்களின் நீளங்கள் அல்ல. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடுகள். மனப்பாடம் செய்ய அதுதான் எளிது. 90 பாகையை 24 சம பங்காக, பங்குக்கு 3¾ பாகையாகப் பிரித்து அவர் கொடுக்கும் எண்கள் இவை: 225, 224, 222, 219, 215, 210, 205, 199, 191, 183, 174, 164, 154, 143, 131, 119, 106, 93, 79, 65, 51, 37, 22, 7. மொத்தத்தையும் கூட்டினால் 3438. அதுதான் அவருடைய வட்டத்தின் ஆரம். ஏன் இப்படி ஒரு விசித்திர எண்? வட்டத்தின் சுற்றளவை 360 பாகை, பாகைக்கு 60 கலை என்று 21,600 கலைகளாகக் கொண்டால், அதே அலகில் ஆரம் 3438 வரும். வில்லையும் நாணையும் ஒரே அளவுகோலால் அளக்கிறார் அவர். முதல் எண்ணைப் பாருங்கள்: 225 கலை நீள வில்லுக்குப் பாதி நாணும் 225. அவ்வளவு சிறிய வில்லில் வளைவுக்கும் நேர்கோட்டுக்கும் வேறுபாடு தெரியாது என்ற அறிவு அந்த ஒரு எண்ணில் இருக்கிறது. முதல் எட்டைக் கூட்டினால் 30 பாகைக்கு உரியது கிடைக்கும்: 1719. ஆரத்தில் சரியாகப் பாதி. கால்குலேட்டர் சைன் 30க்குத் தரும் 0.5 இதுவே.

பயன்பாட்டில் 'அர்த' என்ற முன்பகுதி சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. முழு நாணை யாரும் பயன்படுத்தாதபோது பாதி என்று ஒவ்வொரு முறையும் சொல்வானேன்? வெறும் ஜ்யா, வெறும் ஜீவா என்றாலே பாதி நாண் என்று ஆயிற்று. இந்தச் சொல்லுக்கு நேர்ந்த முதல் மாற்றம் பிறந்த வீட்டிலேயே நேர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஊர் பாக்தாத். 762இல் கலீபா அல் மன்சூர் கட்டத் தொடங்கிய புதிய தலைநகர். அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிந்துவிலிருந்து வந்த தூதுக்குழுவோடு இந்திய வானியல் அறிஞர் ஒருவர் ஒரு நூலோடு அந்த அரசவைக்கு வந்தார். பிரம்மகுப்தரின் மரபைச் சேர்ந்த அந்த நூலை அல் ஃபஸாரி அரபியில் ஆக்கினார். சித்தாந்தம் என்ற சொல் 'சிந்து ஹிந்த்' என்று ஆனது. அந்த மரபைத் தொட்டுத்தான் 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி தன் வானியல் அட்டவணையை எழுதினார்.

ஜீவாவை அரபியில் எப்படி எழுதுவது? அரபியில் 'வ' என்று நாம் உதட்டில் பல் பதித்துச் சொல்லும் ஒலி இல்லை; அது 'ப' ஆயிற்று. ஜீபா. அரபி எழுத்தில் குறில் உயிர்களைப் பொதுவாக எழுதுவதில்லை, மெய்கள்தான் நிற்கும். எனவே ஏட்டில் இருந்தது ஜ, ய, ப என்ற மூன்று எழுத்து. ஜீபா என்று அரபியில் ஒரு சொல் இல்லை. அதே மூன்று எழுத்தில் ஒவ்வொரு அரபிக்கும் தெரிந்த சொல் ஒன்று இருந்தது: 'ஜைப்'. சட்டையின் கழுத்துத் திறப்பு, அதை ஒட்டிய மார்புப் பகுதி என்று பொருள். ஏட்டைப் படித்தவர்கள் அப்படியே படித்தார்கள்.

தமிழருக்கு இந்த ஜைப் அந்நியமானதல்ல. பணமும் சில்லறைப் பொருளும் வைத்துக்கொள்ளும் இடம் என்பதால் அந்தச் சொல் பையைக் குறிக்கலாயிற்று. பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் 'ஜேப்' என்று வந்தது. அங்கிருந்து நம்மிடம் ஜேபி ஆனது, ஜேப்படி ஆனது. பேருந்து நிலையத்தில் 'ஜேப்படித் திருடர்கள் ஜாக்கிரதை' என்று எழுதியிருக்கும் பலகையில் நிற்பதும் கணக்குப் புத்தகத்தில் சைனாக நிற்பதும் வழியில் ஒரே அரபிச் சொல்லில் சந்தித்தவை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். நாணைக் குறிக்க அரபியில் சொல் இல்லையா? இருந்தது. வில்லின் நாணுக்கு 'வதர்', வில்லுக்கு 'கவ்ஸ்', அம்புக்கு 'சஹ்ம்'. மூன்றையும் அரபுக் கணிதர்கள் வட்டத்துக்குப் பயன்படுத்தினார்கள். இந்தியாவின் வில்லும் அம்பும் அங்கே மொழிபெயர்ந்தே போயின. பிறகு ஏன் ஜ்யாவை மட்டும் மொழிபெயர்க்காமல் ஒலியாக வைத்துக்கொண்டார்கள்? என் கருத்து இது: வதர் என்ற சொல் முழு நாணுக்குத் தேவைப்பட்டது. பாக்தாத் அறிஞர்கள் தாலமியையும் படித்தார்கள், இந்திய நூல்களையும் படித்தார்கள். கிரேக்கரின் முழு நாணும் இந்தியரின் பாதி நாணும் ஒரே மேசையில் இருந்தபோது இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் கணக்கு குழம்பும். அரபியில் பொருளே இல்லாத அயல்சொல் ஒன்று பாதி நாணுக்குத் தனிப் பெயராக வசதியாக அமைந்தது. அதை ஜைப் என்று உச்சரித்தவர்கள் அது சட்டைக் கழுத்தைக் குறிக்கிறது என்று எண்ணிக் கணக்குப் போடவில்லை. இந்தியாவில் ஆண்டுக்கணக்கில் செலவிட்டு வடமொழி கற்ற அல்பிரூனி, 11ஆம் நூற்றாண்டில், இந்தச் சொல் இந்தியரிடமிருந்து வந்தது என்பதை நன்றாக அறிந்தே பயன்படுத்தினார்.

அரபுலகம் வாங்கி வைத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. இன்று நாம் டேன்ஜென்ட் என்று சொல்வதை நிழலின் நீளத்திலிருந்து வளர்த்தெடுத்தார்கள். 10ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அபுல் வஃபா கால் பாகைக்கு ஒரு மதிப்பு என்ற நுட்பத்தில் ஜைப் அட்டவணை செய்தார். முக்கோணவியலை வானியலின் வேலைக்காரியாக வைக்காமல் தனித் துறையாக எழுந்து நிற்கச் செய்தவர்கள் இவர்களே.

1085இல் ஸ்பெயினின் டொலேடோ நகரம் கிறித்தவ அரசர் ஆறாம் அல்ஃபோன்ஸோவின் கைக்கு வந்தது. அரபு நூல்கள் குவிந்திருந்த நகரம். 12ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து அறிஞர்கள் ஸ்பெயினை நோக்கி நடந்தார்கள். இங்கிலாந்தின் பாத் நகரத்து அடிலார்ட் 1126 வாக்கில் அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணையை லத்தீனில் தந்தார். செஸ்டர் நகரத்து ராபர்ட் 1145இல் அதே அல்குவாரிஸ்மியின் இயற்கணித நூலைச் செகோவியாவில் மொழிபெயர்த்தார். இத்தாலியின் கிரெமோனாவிலிருந்து ஜெரார்ட் வந்தார். தாலமியின் அல்மகெஸ்டை எப்படியாவது படித்துவிட வேண்டும் என்ற ஆசையில் டொலேடோ வந்தவர், அங்கே அரபி கற்று, 1187இல் சாகும்வரை அங்கேயே தங்கி எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனுக்குக் கொண்டுவந்தார். அவர் மறைந்தபின் மாணவர்கள் அந்தப் பட்டியலை எழுதி வைத்ததால் நமக்கு எண்ணிக்கை தெரிகிறது. இந்த ஒரு மனிதரின் உழைப்புக்கு ஐரோப்பிய அறிவியல் பட்ட கடன் மிகப் பெரியது.

ஜைப் என்பதை முதலில் 'சினுஸ்' என்று ஆக்கியவர் ராபர்டா, ஜெரார்டா என்பதில் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தாலும் அவர் தேர்ந்தெடுத்த சொல் துல்லியமானது. உரோமானியர் உடுத்திய டோகா என்ற ஆடை மார்பின் குறுக்கே மடிந்து தொங்கும். அந்த மடிப்பை சினுஸ் என்பார்கள். பணப்பையையும் ஓலையையும் அதில்தான் செருகிக்கொள்வார்கள். அரபியில் ஜைப் எதுவோ அதற்குச் சரியான லத்தீன் சொல் அது. மடிப்பிலிருந்து குடைவு, குடைவிலிருந்து விரிகுடா என்று பொருள் விரிந்தது. நெற்றியிலும் மூக்கோரத்திலும் எலும்புக்குள் இருக்கும் குடைவுகளுக்கு மருத்துவர்கள் வைத்த பெயரும் அதுவே. நமக்குத் தலைவலி தரும் சைனஸும் சைனும் ஒரே சொல்.

இந்த வரலாற்றைச் சொல்லும் பலர், 'ஒரு மொழிபெயர்ப்பாளனின் மடத்தனத்தால் நாண் மார்பாகிவிட்டது' என்று முடித்துவிடுகிறார்கள். இது ஜெரார்டுக்கும் ராபர்டுக்கும் செய்கிற அநியாயம். அவர்கள் காலத்தில் அரபுக் கணிதர்கள் அந்தச் சொல்லை ஜைப் என்றே மூன்று நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். அதன் பின்னால் வடமொழிச் சொல் இருப்பதை அறிய டொலேடோவில் வழி ஏது? முன்னால் இருந்த சொல்லை அவர்கள் சரியாக மொழிபெயர்த்தார்கள். அரபியரையும் குறை சொல்வதற்கில்லை. தங்கள் எழுத்தில் இருந்ததைத் தங்கள் வாய்க்கு வந்தபடி படித்தார்கள். எண்கள் ஒன்றும் கெடவில்லை. ஆரத்தை 3438 என்று வைத்தாலும், 150 என்று வைத்தாலும், 60 என்று வைத்தாலும், 30 பாகைக்கு அதில் பாதியே வந்தது. கணக்கு எங்கும் வழிதவறவில்லை.

புதிய சொல் ஐரோப்பாவில் உடனே வேரூன்றவும் இல்லை. ரெஜியோமொன்டானஸ் 1460களில் எழுதி 1533இல் அச்சான முக்கோண நூலில் சினுஸைத் தாராளமாகப் பயன்படுத்தினார். ஆனால் 1543இல் வந்த தன் நூலில் கொப்பர்நிக்கஸ் அதைத் தவிர்த்து, இரட்டை வில்லைத் தாங்கும் நாணின் பாதி என்று நீட்டி எழுதினார். அவருடைய மாணவர் ரேட்டிகஸும் வேறு பெயர்களையே விரும்பினார். 1583இல் டென்மார்க்கின் தாமஸ் ஃபின்கே டேன்ஜென்ட், சீக்கன்ட் என்ற பெயர்களைத் தந்தார். 1595இல் பிட்டிஸ்கஸ் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து இந்தத் துறைக்கே டிரிகோனோமெட்ரி என்று பெயர் ஆனது. அதே 1590களில் ஆங்கில நூல்களில் சைன் தென்படத் தொடங்குகிறது. பழைய வரலாறு மறந்துபோனதால், 'உள்வரைந்த கோட்டின் பாதி' என்பதற்கான லத்தீன் சொற்களின் சுருக்கமே சினுஸ் என்று ஒரு விளக்கமும் பிற்காலத்தில் உலவியது. அதற்கு ஆதாரம் இல்லை.

ஆதாரம் இல்லாத விளக்கம் நம் பக்கமும் ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். வடமொழியில் கோசைனுக்குக் 'கோடிஜ்யா' என்று பெயர், சுருக்கமாகக் 'கோஜ்யா'. கோடி என்றால் வில்லின் நுனி. தெருக்கோடி என்கிறோமே, அந்தப் பொருள். கோஜ்யாவே கோசைன் ஆயிற்று என்று மேடையில் பேசக் கேட்டிருப்பீர்கள். கேட்க இனிக்கிறது, ஆனால் உண்மை அதுவல்ல. 90 பாகைக்குக் குறைவுபடும் மிச்சக் கோணத்தை லத்தீனில் நிரப்பி என்ற பொருளில் 'காம்ப்ளிமென்ட்' என்ற சொல்லால் குறித்தார்கள். அந்த மிச்சக் கோணத்தின் சினுஸ் என்ற நீண்ட தொடரை லண்டனின் எட்மண்ட் குன்டர் 1620இல் 'கோ சினுஸ்' என்று குறுக்கினார். இரண்டு 'கோ'வும் தற்செயலாக ஒத்த ஒலிகள். சைனின் வேர் இந்தியாவில் இருப்பது உறுதியான செய்தி. அதற்குப் பக்கத்தில் உறுதியில்லாத ஒன்றை உட்கார வைத்தால் கேட்பவர் இரண்டையும் சேர்த்தே சந்தேகிப்பார்.

சொல் மேற்கே பயணம் போன காலத்தில் அதன் தாய்வீடு உறங்கிக் கிடக்கவில்லை. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கேரளத்தின் சங்கமகிராம மாதவன், எந்தக் கோணத்துக்கும் ஜ்யாவை முடிவிலாத் தொடரின் மூலம் வேண்டிய துல்லியத்தில் காண வழி கண்டார். ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் கண்ட தொடரும் அதுவே. அந்த மரபின் நிறுவல்களை ஜேஷ்டதேவன் 16ஆம் நூற்றாண்டில் 'யுக்திபாஷை' என்ற நூலில் மலையாளத்திலேயே எழுதினார். அது தனி வரலாறு. இந்தத் தொடரில் அதற்கென ஒரு பகுதி வரும்.

கடைசி மாற்றம் சொல்லில் இல்லை, பொருளில். ஆரியபடர் முதல் ரெஜியோமொன்டானஸ் வரை ஜ்யாவும் ஜைப்பும் சினுஸும் ஒரு கோட்டின் நீளம். 1748இல் ஆய்லர் தன் பகுப்பாய்வு நூலில் ஆரத்தை 1 என்று வைத்து சைனை ஒரு சார்பாக நடத்தினார். அதன்பின் அது வெறும் எண் ஆயிற்று, விகிதம் ஆயிற்று. வட்டம் பாடத்திலிருந்து நழுவி முக்கோணம் மட்டும் மிஞ்சியது. மாணவர்கள் இந்தச் சொல்லின் முன் திகைப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முக்கோணவியல் நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சைனை முதன்முதலில் எழுதும் நாளில், முக்கோணத்துக்கு முன்னால் கரும்பலகையில் ஒரு வில்லை வரையுங்கள். நாணைக் கட்டுங்கள், நடுவில் அம்பை வையுங்கள், நாணில் பாதியைத் தடித்த கோடாக்கிக் காட்டுங்கள். பிறகு மேலே உள்ள 24 எண்களில் முதல் பன்னிரண்டை மாணவர்களே கூட்டட்டும், 2431 வரும். அதை 3438ஆல் வகுத்து, சைன் 45இன் மதிப்போடு அவர்களே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

(தொடரும். அடுத்த பகுதி: அல்ஜீப்ரா)